தாயம் விழ எத்தனை உருட்டு? தாயக்கட்டையை வைத்து நிகழ்தகவு பழக

பள்ளிப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடம் ஆறு பக்கப் பகடையோடு தொடங்கும். ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்ணுக்கும் வாய்ப்பு 1/6 என்று எழுதியதும் பாதிப் பாடம் முடிந்துவிடும். அதில் வேடிக்கை குறைவு. தாயக்கட்டை அப்படியல்ல. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு வாய்ப்பு. சில எண் விழுந்தால் மறுபடி உருட்டலாம், தாயம் விழாமல் காயே இறங்காது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுகிற ஆட்டம்தான். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் பதினோராம் வகுப்புக் கணக்கு வரை அதிலேயே பார்த்துவிடலாம்.

வேண்டியவை: நான்கு நீள்பக்கம் உள்ள பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி, சாக்பீஸ், ஆளுக்கு நான்கு காய், கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3 என மூன்று பக்கங்களில் புள்ளி இருக்கும், நான்காவது பக்கம் வெறுமை. சில கட்டைகளில் புள்ளி வேறு மாதிரி இருக்கும். கீழே வரும் கணக்கு எல்லாம் 0, 1, 2, 3 உள்ள கட்டைக்கு, ஆகவே முதலில் உங்கள் கட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கட்டை இல்லையென்றால் நான்கு நாணயம் போதும்: ஒரு ரூபாய் இரண்டு, இரண்டு ரூபாய் இரண்டு. ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் சேர்ந்து ஒரு கட்டை. சிங்கத் தலை மேலே இருந்தால் அந்த நாணயத்தின் மதிப்பு, பூ விழுந்தால் 0. இரண்டும் பூ என்றால் 0, ஒரு ரூபாய் மட்டும் தலை என்றால் 1, இரண்டு ரூபாய் மட்டும் தலை என்றால் 2, இரண்டும் தலை என்றால் 3. நான்குக்கும் சம வாய்ப்பு, அசல் கட்டை போலவே. ஒன்றே ஒன்று குறையும், கட்டை உருளும்போது வரும் அந்தச் சத்தம்.

முதலில் விதியைப் பேசி முடியுங்கள்

தாயத்துக்கு ஊருக்கு ஒரு விதி, சில தெருக்களில் வீட்டுக்கு ஒரு விதி. எந்த விதி என்பதைப் பொறுத்துக் கணக்கும் மாறும். இங்கே எடுத்துக்கொண்டது இது:

இரண்டு கட்டையின் கூட்டுத்தொகைதான் விழுந்த எண். இரண்டும் வெறுமை என்றால் 12. ஒன்று விழுந்தால் தாயம். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு உருட்டு உண்டு. 2, 3, 4 விழுந்தால் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். தாயம் விழுந்தால்தான் முதல் காய் இறங்கும்.

இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டையை ஒரு தடவை விடுவது 'உருட்டு'. கையில் கட்டை வந்ததிலிருந்து அடுத்தவருக்குக் கொடுக்கும் வரை 'முறை'. ஒரு முறையில் ஒரு உருட்டும் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பெரியவர்கள்கூடக் கணக்கில் சறுக்குகிறார்கள்.

பதினாறு கட்டம்

உருட்டும் முன் எண்ணிவிட வேண்டும். ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டுங்கள், அல்லது அதன் முனையில் நகப்பூச்சு ஒரு பொட்டு வையுங்கள். பிறகு நோட்டில் நாலுக்கு நாலு கட்டம் வரைந்து, மேலே சிவப்புக் கட்டையின் 0, 1, 2, 3, பக்கவாட்டில் மற்றக் கட்டையின் 0, 1, 2, 3 எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டுத்தொகையை நிரப்புங்கள். 0-வும் 0-வும் சந்திக்கும் இடத்தில் 12. மொத்தம் 16 கட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. எண்ணினால் கிடைப்பது:

12 — 1 கட்டம்
1 (தாயம்) — 2
2 — 3
3 — 4
4 — 3
5 — 2
6 — 1

தாயத்துக்கு 2/16, அதாவது 1/8. மூன்றுக்கு 4/16, அதாவது 1/4. ஆறும் பன்னிரண்டும் தலா 1/16.

இங்கே இரண்டு தவறு வழக்கமாக வரும். முதலாவது: விழக்கூடிய எண்கள் ஏழு, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/7. எண்கள் ஏழுதான், ஆனால் மூன்று விழ நான்கு வழி உண்டு, ஆறு விழ ஒரே வழி. வழிகளைத்தான் எண்ண வேண்டும்.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. '0-வும் 1-ம் ஒன்றுதான், 1-ம் 0-வும் ஒன்றுதான், எதற்கு இரண்டு தடவை எண்ண வேண்டும்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அப்படிச் சேர்த்துவிட்டால் 16-க்குப் பதில் 10 வகை வரும், தாயத்துக்கு 1/10 என்று முடியும். சிவப்பு நூல் இதற்காகத்தான். சிவப்பில் 0, மற்றதில் 1 என்பதும், சிவப்பில் 1, மற்றதில் 0 என்பதும் கண்ணுக்கே வேறாகத் தெரியும். நூலை அவிழ்த்துவிட்டால் கட்டை வேறு மாதிரி உருளப் போவதில்லை. இந்தத் தவறுக்கு வெட்கப்படவும் வேண்டாம். 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் டாலம்பேர் என்ற பெரிய கணித மேதையே, நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று எழுதினார். சம வாய்ப்பில்லாத வகைகளைச் சமமாக எண்ணியதால் வந்த பிழை அது. சரியான விடை 3/4.

160 உருட்டு

இப்போது கட்டையிடம் கேட்கலாம். 160 ஏன்? 16-ஆல் வகுபடும், அரை மணிக்குள் முடிந்துவிடும். எதிர்பார்க்கும் எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும்: 12-க்கு 10, தாயத்துக்கு 20, இரண்டுக்கு 30, மூன்றுக்கு 40, நாலுக்கு 30, ஐந்துக்கு 20, ஆறுக்கு 10. உருட்டிய பிறகு எழுதினால் மனசு தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்ளும்.

ஒருவர் உருட்ட, இன்னொருவர் எழுதட்டும். விழுந்த எண்ணை விழுந்த வரிசையிலேயே, வரிக்கு 20 வீதம் 8 வரி எழுதுங்கள். கோடு போட்டு எண்ணுவது கடைசியில். வரிசை இல்லாவிட்டால் பின்னால் வரும் ஒரு சோதனையைச் செய்ய முடியாது.

கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மூன்று நான்கு தடவை நன்றாக உருட்டி, சிமெண்ட் தரையிலோ மொசைக்கிலோ விடுங்கள். பாயிலும் மெத்தை விரிப்பிலும் கட்டை உருளாமல் சொத்தென்று உட்கார்ந்துவிடும், கையில் எந்தப் பக்கம் இருந்ததோ ஏறக்குறைய அதுவே விழும். பழகிய கை அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு கட்டை மற்றதன் மேல் ஏறி நின்றாலும், சுவரில் சாய்ந்து நின்றாலும், அது செல்லாது, மறுபடி உருட்டுங்கள். எது செல்லாது என்பதையும் ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். சாய்ந்து நின்ற கட்டையில் தாயம் தெரிந்தால் மட்டும் 'செல்லும்' என்று ஒரு குரல் எழும்.

எண்ணிப் பார்த்தால் சரியாக 20, 30, 40 வராது. வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தாயம் 12 முதல் 28 வரை எங்கு இருந்தாலும் இயல்புதான். இரண்டும் நாலும் 20 முதல் 40, மூன்று 29 முதல் 51, ஐந்து 12 முதல் 28, ஆறும் பன்னிரண்டும் 4 முதல் 16. ஏறக்குறைய 20-க்கு 19 தடவை இந்த எல்லைக்குள் இருக்கும். ஏழு எண்களையும் ஒன்றாகப் பார்க்கும்போது ஏதோ ஒன்று எல்லையை ஒன்றிரண்டு தாண்டுவது அடிக்கடி நடப்பதுதான்.

எல்லை எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு: உருட்டு எண்ணிக்கை × வாய்ப்பு × வாய்ப்பில்லாமை, அதன் வர்க்கமூலம், அதை இரண்டால் பெருக்கு. தாயத்துக்கு 160 × 1/8 × 7/8 = 17.5. வர்க்கமூலம் சுமார் 4.2. இரண்டு மடங்கு 8.4. ஆகவே 20-க்கு மேலும் கீழும் எட்டு.

கட்டை கோணலா?

கணக்கு மிகவும் விலகினால் கட்டையைச் சோதியுங்கள். ஜோடியாக வேண்டாம், ஒவ்வொன்றையும் தனியாக 100 தடவை உருட்டுங்கள். பக்கத்துக்கு 25 எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் வந்த எண்ணிக்கையிலிருந்து 25-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, நான்கையும் கூட்டி, 25-ஆல் வகுக்க வேண்டும். விடை 7.8-க்கு மேல் போனால் சந்தேகம்.

உதாரணத்துக்கு 31, 22, 27, 20 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6, −3, 2, −5. வர்க்கம் 36, 9, 4, 25. கூட்டினால் 74, வகுத்தால் 2.96. கட்டையில் குறையில்லை. 38, 20, 24, 18 என்றால் 169 + 25 + 1 + 49 = 244, வகுத்தால் 9.76. இன்னொரு 100 உருட்டிப் பாருங்கள். இரண்டாம் தடவையும் அதே பக்கம் அதிகமாக வந்தால் கட்டையில்தான் கோளாறு.

காரணத்தை ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். குறுக்குவெட்டு சரியான சதுரமாக இருக்காது. ஒரு பக்கம் அகலம், அடுத்த பக்கம் குறுகல். அகலமான பக்கம் தரையில் நன்றாகப் படியும், ஆகவே அதுவும் அதற்கு நேரெதிர்ப் பக்கமும் அதிகம் விழும். பல வருஷம் உருண்ட கட்டையில் விளிம்பு ஒரே பக்கமாகத் தேய்ந்திருக்கலாம். அதை வைத்து ஆட்டத்தைத் தாராளமாக ஆடலாம், எல்லாருக்கும் ஒரே கட்டைதானே. கணக்குக்கு மட்டும் வேறு ஜோடி எடுங்கள்.

'எனக்கு மட்டும் தாயமே விழமாட்டேங்குது'

தாயம் ஆடும் வீடுகளில் இந்த வரி கேட்காத நாள் இல்லை. இதைக் கணக்கில் பார்ப்போம்.

ஒரு உருட்டில் தாயத்துக்கு 1/8, ஆகவே சராசரி 8 உருட்டு. ஆனால் சராசரி எட்டு என்றால் எட்டுக்குள் விழுந்தே தீரும் என்று அர்த்தமில்லை. எட்டு உருட்டிலும் தாயம் விழாமல் போக 7/8-ஐ எட்டு தடவை பெருக்க வேண்டும், சுமார் 34% வரும். மூன்றில் ஒருவர். 16 உருட்டிலும் விழாமல் போக சுமார் 12%. அதே சமயம் ஆறாவது உருட்டுக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விழுந்துவிடும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மிகத் தாமதம், அதில் தாமதமானவர்கள்தான் சராசரியை எட்டுக்கு இழுக்கிறார்கள்.

ஆட்டத்தில் நாம் காத்திருப்பது உருட்டுக்கணக்கில் இல்லை, முறைக்கணக்கில். ஒரு முறையில் தாயம் விழ என்ன வாய்ப்பு? 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டப் போகிறோம், ஆகவே அந்த நான்கு கட்டத்தை அடித்துவிடலாம். மிச்சம் 12. அதில் 2 தாயம், 10 கட்டையைப் பறிப்பவை. ஆகவே 2/12, அதாவது 1/6. எட்டில் ஒன்று என்றிருந்தது மறு உருட்டால் ஆறில் ஒன்றாகிவிட்டது.

இந்த 1/6 நெடுநாள் பழகிய எண். ஆறு பக்கப் பகடையை நான்கு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழுமா என்று பந்தயம் கட்டுவது 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வழக்கம். விழாமல் போக 5/6-ஐ நான்கு தடவை பெருக்கினால் 48.2%. விழ 51.8%. பந்தயம் கட்டியவருக்கு நூலிழை லாபம். இப்படிப்பட்ட சூதாட்டக் கேள்விகளிலிருந்துதான் 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டு நிகழ்தகவை ஒரு கணக்காக வளர்த்தார்கள். நம் திண்ணையில் நான்கு முறைக்குள் தாயம் விழுமா என்று கேட்டாலும் விடை அதே 51.8% தான்.

இப்போது புலம்பலுக்கு வருவோம். பத்து முறை வந்தும் தாயம் விழாமல் ஒருவர் உட்கார்ந்திருக்க வாய்ப்பு, 5/6-ஐப் பத்து தடவை பெருக்கினால், சுமார் 16%. அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு. நான்கு பேர் ஆடும்போது அவர்களில் யாராவது ஒருவருக்கு அப்படி நேர வாய்ப்பு சுமார் 51%. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம், யாரோ ஒருவர் பத்து முறை சும்மா உட்கார்ந்திருக்கத்தான் போகிறார்.

பத்து முறை விழவில்லை, அடுத்தது விழுந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கைக்கும் சோதனை உண்டு. வரிசையாக எழுதிய அந்த 160 எண்களை எடுங்கள். தாயமே இல்லாத ஐந்து உருட்டு அடுத்தடுத்து வந்த இடங்களை எல்லாம் தேடி, அதற்கு அடுத்து விழுந்த எண்ணை வட்டமிடுங்கள். சுமார் 80 இடம் கிடைக்கும். கட்டைக்கு ஞாபகசக்தி இருந்தால் வட்டத்துக்குள் தாயம் குவிந்திருக்க வேண்டும். கிடைப்பது எட்டில் ஒன்றுதான், ஏறக்குறைய 10, நாலைந்து கூடும் அல்லது குறையும். விதிமாற்றம் விரும்புகிறவர்களுக்கு: காத்திருப்பு சலிப்பாக இருந்தால் ஐந்துக்கும் காய் இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6, 12 இரண்டு கட்டத்தை அடித்தால் மிச்சம் 14, அதில் 4. முறைக்கு 2/7 ஆகிவிடும், சின்னப் பிள்ளைகளோடு ஆட அது நல்லது.

காயை எங்கே நிறுத்துவது

கணக்கு கைகொடுக்கிற இடம் இதுதான். எதிராளியின் காய் பின்னால் வருகிறது, உங்கள் காய் மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) இல்லை. எத்தனை கட்டம் தள்ளி நின்றால் வெட்டு விழாது?

மறு உருட்டு தரும் 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு, நோட்டில் போட்ட 16 கட்டத்தில் மொத்தம் 6. மிச்சம் 10: இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3. எவ்வளவு நீண்ட முறையாக இருந்தாலும் அது 2, 3, 4 ஆகியவற்றில் ஒன்றோடுதான் முடியும், 30%, 40%, 30% என்ற விகிதத்தில். ஆகவே மூன்று கட்டம் முன்னால் நிற்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. எதிராளிக்கு இறங்கிய காய் இன்னொன்று இருந்து, நடுவில் விழுந்த ஐந்தையும் ஆறையும் அதற்குச் செலவழிக்க முடிந்தால், ஐந்து முறைக்கு இரண்டு முறை வெட்டுப்படுவீர்கள். இதே வழியில் ஒரு கட்டம் அல்லது ஐந்து கட்டத் தூரத்துக்கு 1/6, ஆறு கட்டத்துக்கு 1/11, பன்னிரண்டுக்கும் 1/11. எண்களைச் சேர்த்து ஓட்டும்போது இவை கொஞ்சம் கூடும்.

ஏழு தள்ளி நின்றால் பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். முழுப் பாதுகாப்பு இல்லை. ஐந்து விழுந்து இரண்டு விழலாம், ஆறும் தாயமும் எந்த வரிசையிலும் விழலாம். இரண்டு உருட்டில் ஏழு சேர 128-க்கு 5, சுமார் 4%. மூன்றில் நிற்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வேறு வழியில்லாமல் எதிராளியின் முன்னால் நிற்க வேண்டியிருந்தால் மூன்றை விட்டு ஆறுக்கோ ஏழுக்கோ முன்னே நகர்த்தப் பாருங்கள். எதிராளியிடம் ஒரே காய்தான் இறங்கியிருக்கிறது என்றால் ஆபத்து குறையும், ஏனென்றால் நடுவில் விழுந்த ஐந்தை அந்தக் காயே எடுத்துக்கொண்டு உங்களைத் தாண்டிப் போயாக வேண்டும்.

புளியங்கொட்டைக்கு வேறு கணக்கு

கட்டைக்குப் பதில் ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சொரசொரத் தரையில் வெள்ளை தெரியும் வரை தேய்த்து ஆடுவதும் உண்டு. ஆறு சோழியும் அப்படித்தான். மேலே தெரியும் வெள்ளையை எண்ண வேண்டும், ஒன்றும் தெரியாவிட்டால் 12. பெயரும் விதியும் அதேதான், வாய்ப்பு அதே அல்ல. வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரிபாதி என்று வைத்தால் மொத்த வழி 64. தாயத்துக்கு 6, மூன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 1. தாயத்துக்கு 9.4% தான், கட்டையில் 12.5% இருந்தது. மறு உருட்டு கிடைப்பதும் 64-க்கு 14, கட்டையில் அது 24-க்குச் சமம். புளியங்கொட்டை ஆட்டம் இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் சரிபாதி என்பது நாம் வைத்துக்கொண்டது. தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு, சரிபாதியாக விழ எந்தக் கட்டாயமும் இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். ஆறையும் சேர்த்து 50 தடவை போட்டு, மொத்த 300-இல் எத்தனை வெள்ளை என்று எண்ணுங்கள். 133 முதல் 167 வரை வந்தால் சரிபாதி என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே போனால் கணக்கைத் திருத்த வேண்டும், திருத்தம் சின்னதாக இருக்காது. வெள்ளை விழ 50%-க்குப் பதில் 40% என்றால், ஆறில் ஒன்று மட்டும் வெள்ளையாக விழ வாய்ப்பு 6 × 0.4 × 0.6⁵, சுமார் 18.7%. தாயம் இரண்டு மடங்காகிவிட்டது.

கொட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்பதால், ஆறையும் ஒரே அளவில் பொறுக்கி, ஒரே அளவு தேய்த்துவிட்டு அளங்கள். ஆட்டத்தின் நடுவே ஒரு கொட்டை தொலைந்து வேறு ஒன்றைத் தேய்த்துச் சேர்த்தால், மறுபடியும் 50 தடவை போட்டு எண்ண வேண்டியதுதான்.